எட்டு வாரப் பத்தியம்

அவன் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில். என் மாமியார் சமையலறையில் நின்றபடி, "இன்னுங்கொஞ்சத்தைக் கூப்பிடுங்க, வந்து பரிமாறட்டும்" என்றார். அது ஓர் ஆளின் பெயர் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயதில் ஒருவன் கரண்டியும் கையுமாக வந்து நின்றான். என் கணவருடைய கடைசித் தம்பி.

மாமியார் பெற்றது ஏழு, தங்கியது நான்கு. மூத்தவர் என் வீட்டுக்காரர். நடுவில் இரண்டும் பெண்கள். கட்டிக்கொடுத்துத் தூரம் போனவர்கள். கடைசி இவன். யார் தட்டிலாவது இடம் காலியாகத் தெரிந்தால் இவனுக்குப் பொறுக்காது. போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் விரலிடுக்கு வழியாக வைத்துவிடுவான். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பதுதான் வாயில் வரும். அப்படியே பெயரும் நிலைத்துவிட்டது. "இவனை எடை பார்க்கிற மெஷின் பக்கத்துல விட்டா அதுக்கும் ஊட்டிவிடுவான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவர் தட்டில் இன்னொரு கரண்டி விழும், அவ்வளவுதான்.

இருபது வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவனுக்கென்றே செய்துவைத்த வேலை. ஆஸ்பத்திரிச் சமையலறை பூமிக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து எஃகு வண்டியில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி, லிஃப்டில் ஏற்றி, மூன்றாம் மாடி வார்டுக்குக் கொண்டுபோய்க் கட்டில் கட்டிலாகக் கொடுக்கவேண்டும். வண்டிக்கு இரண்டு கதவு. ஒன்று சூட்டுக்கு, ஒன்று குளிர்ச்சிக்கு. மொத்தம் இருபத்துநான்கு தட்டு. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஓர் அட்டை தொங்கும். வெள்ளை அட்டை என்றால் எல்லாம் சாப்பிடலாம். நீலம் என்றால் குழைந்தது. பச்சை என்றால் சர்க்கரைக்காரர். மஞ்சள் என்றால் தட்டே கிடையாது, குடிக்கிறது மட்டும்.

மேலே போகிற தட்டைவிடத் திரும்பி வருகிற தட்டைத்தான் அவன் உற்றுப் பார்ப்பான். எட்டாம் நம்பர் கட்டில் நேற்று ரொட்டியைத் தொடவில்லை, இன்று ஓரத்தைக் கடித்திருக்கிறது, வியாழக்கிழமை வீட்டுக்குப் போய்விடும் என்பான். போய்விடுமாம். டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் நர்சம்மாக்கள் தன்னைத்தான் கேட்பார்கள் என்று சொல்லிக்கொள்வான். அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மீதிப் பாதி நிஜம். இளைத்துக் கிடக்கிறவர்களுக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு ரொட்டி கூட வைப்பான். அதற்காக இரண்டு தடவை அவனை எழுத்தில் எச்சரித்தார்கள். வீட்டில் வந்து பெருமையாகக் காட்டினான்.

மஞ்சள் அட்டையை மட்டும் அவனுக்குப் பிடிக்காது. அந்த வார்டில் மஞ்சள் அட்டை பத்து நாளைக்கு மேல் தொங்கிய கட்டில் எதுவும் நல்லபடியாகக் காலியானதில்லை என்பான். சாப்பிடுகிற ஆள் பிழைப்பான், சாப்பிடாத ஆள் போய்விடுவான். முப்பது வருஷத்தில் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவன் படித்த படிப்பு அவ்வளவுதான். மஞ்சள் அட்டைக்கு வந்து சேருகிறவர்கள் எல்லாருமே நோய் முற்றிப்போய் வந்தவர்கள் என்பதை அவன் யோசித்ததில்லை. பட்டினியால் போனார்களா, போகிற நேரத்தில் பசி நின்றதா என்று அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அவனுக்கு வாய்த்தவள், என் ஓரகத்தி, சட்டை தைக்கும் ஆலையில் காலர் தைக்கிறவள். காலரின் இரண்டு முனையும் ஒரே கூர்மையில் இருக்கவேண்டும். ஒரு நூல் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். பேச்சு குறைவு. அவன் நாள் முழுக்கப் பேசுவான், இவள் "உம்" கொட்டுவாள். நன்றாகத்தான் போயிற்று.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரே ஒரு பெண் குழந்தை. நான்கு வயதிலேயே எல்லாரையும் அதிகாரம் செய்யும். செருப்பை நேராக விடு என்று என் வீட்டுக்காரரையே மிரட்டும். அதனால் அவளுக்கு "மேடம்" என்று பெயர் வைத்தான் அப்பன். பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம்.

மேடத்துக்குப் பதினான்கு வயதில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. முதலில் பூச்சி என்றோம். வெளியில் வாங்கித் தின்கிறாள் என்றோம். பள்ளிக்குப் போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நான்கூட ஒருநாள் சொன்னேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினாள். வகுப்பில் கதவோரத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாயெல்லாம் புண். சாயங்காலமானால் காய்ச்சல். பதினைந்து முடிகிறபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பு. கடைசியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் முடிகிற இடத்தில் வரிசையாகப் புண், ஓரிடத்தில் பென்சில் நுழைகிற அளவுக்குக் குடல் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நோயின் நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. குடல் அழற்சி நோய் என்று சீட்டில் எழுதியிருந்தது. வந்தால் முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம். சுருக்கம் தளராவிட்டால் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

வெட்டாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னவர், எந்த நோயாளிக்கு எந்தச் சாப்பாடு என்று எழுதிக்கொடுக்கிற உணவு நிபுணர். சமையலறைக்காரர்கள் அவரைப் பத்தியக்கார அம்மா என்பார்கள். டப்பாவில் வரும் மாவு. தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி ஆகும். உடம்புக்கு வேண்டிய எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு வேளை. எட்டு வாரம் அது மட்டும். இடையில் தண்ணீர் குடிக்கலாம். குடலுக்கு ஓய்வு கிடைத்து, புண் தானாக ஆற வழி உண்டு. வளர்கிற பிள்ளைக்குப் பலமான மாத்திரையைக் கொடுத்தால் முகம் ஊதும், வளர்த்தி நிற்கும், அதனால் முதலில் இதைச் செய்து பார்ப்போம் என்றார்.

"ஆனா ஒண்ணு. பாதி இது, பாதி சாப்பாடுன்னா பலன் இருக்காது. ஒரு வாய் கூட வேண்டாம். உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க இங்கேயே இருக்கறவர்" என்று என் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார். அவன் தலையாட்டினான்.

என் ஓரகத்தி ஆலையில் கெஞ்சிக் காலை ஷிப்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏழு கரண்டி மாவு, கத்தியின் முதுகால் தலைதட்டித் தலைதட்டிப் போடுவாள். எட்டுக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர் போட்டுக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அந்த எட்டு வாரமும் தண்ணீர் கொதிக்கவைப்பதைத் தவிர வீட்டில் அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. வாசனை வந்தால் பிள்ளைக்குக் கஷ்டம் என்று ஆலை கேன்டீனிலேயே தின்றுகொண்டாள். அவனை ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுவிடச் சொன்னாள்.

மேடம் முதலில் வீரமாகத்தான் இருந்தாள். நான் பார்க்கப் போனபோது பாட்டிலை மூக்கில் வைத்து முகர்ந்து, "பெரியம்மா, இதுல வெனிலான்னு போட்டிருக்கு. வெனிலாவுக்குத் தெரிஞ்சா கேஸ் போடும்" என்றாள். பத்து நாளில் காய்ச்சல் நின்றது. ஓட்டம் பத்திலிருந்து மூன்றானது. எடை மட்டும் ஒரு கிலோ இறங்கியிருந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான், ஏறிவிடும் என்று பத்தியக்கார அம்மா சொல்லியிருந்தார்.

இனி நான் சொல்வதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அவர்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், முதல் மாடி. பத்து நிமிஷ நடை. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் இடைவேளையில் அவன் வீட்டுக்கு எட்டிப்பார்த்தான். பள்ளிக்கு லீவு போட்டிருந்த பிள்ளை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு அம்மாள் அதில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை.

"என்ன மேடம், ஊமைப் படமா?"

"சத்தம் வெச்சா பசிக்குதுப்பா."

அவன் வந்த வழியே இறங்கிவிட்டான். அவள் மணிக்கட்டு எலும்புதான் அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணில் நின்றது என்று என்னிடம் சொன்னான். அன்றைக்கு வார்டில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு கட்டில் காலியாகியிருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இருபது நாளாகத் தன் வீட்டிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்குகிறது என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் ஒரு சின்ன டப்பாவோடு போனான். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, துளி வெண்ணெய், துளி உப்பு.

"ஒரே ஒரு வாய். வாயில வெச்சா கரைஞ்சுடும். அதுவும் பால் மாதிரிதான்."

"வேண்டாம்ப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அம்மாவுக்கு எதுக்கு? நீயும் நானும்தானே இருக்கோம்."

இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாளாம். அதற்கு அடுத்த நாள், "நாளைக்கு ரொட்டி கிடைக்குமா?" என்று அவளே கேட்டாள்.

அப்புறம் தினமும் போனான். ஓரம் வெட்டிய ரொட்டி, முட்டை, மசித்த காய். நீல அட்டைக்காரர்களுக்குப் போகிற சாப்பாடு, கெடுதல் இருக்காது என்று அவனே முடிவு செய்துகொண்டான். வயிறு நிறைந்தால் பாட்டில் எப்படி இறங்கும்? மூன்று பாட்டில், சில நாள் நான்கு, மிஞ்சும். அவற்றைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவான். காலிப் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவான். சாயங்காலம் என் ஓரகத்தி வந்து எட்டும் காலியாக இருப்பதைப் பார்த்து மகளின் தலையைத் தடவிக் கொடுப்பாள்.

எடை ஏறியது. ஐந்தாம் வாரம் ஒன்றரைக் கிலோ. வாரா வாரம் நாங்கள் சந்தோஷப்பட்டோம். பத்தியக்கார அம்மாவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது நெற்றி சுருங்கியது. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கிய அழற்சி, அப்புறம் இறங்கவில்லை, ஏறத் தொடங்கியிருந்தது.

"வேற ஏதாவது வாயில போடறியாம்மா? திட்டமாட்டேன், சொல்லு."

மேடம் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ஐயோ, இல்லைங்க. நானே பக்கத்துல இருந்து பார்க்கறேன்."

அவர் நம்பினார். ஆஸ்பத்திரி ஆள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

எட்டு வாரம் முடிந்தது. சுருக்கம் அப்படியே இருந்தது. சில உடம்புக்கு இந்தப் பத்தியம் ஒத்துக்கொள்வதில்லை, யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். மாத்திரைக்கு மாற்றினார்கள். முகம் ஊதியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்ததாக அவள் சொல்லவில்லை, கண்ணாடியை மட்டும் துணி போட்டு மூடி வைத்தாள். நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில் வாந்தி நிற்கவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. குடல் அடைத்துக்கொண்டது. அன்றே அறுத்தார்கள். ஒன்றரை அடி நீளம் வெட்டி எடுத்து, வயிற்றின் மேல் ஒரு பை பொருத்திவிட்டார்கள். அந்தப் பையோடு எட்டு மாதம் இருந்தாள். பரீட்சை எழுதவில்லை. ஒரு வருஷம் போயிற்று.

அறுவை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவன் என்னிடம் சொன்னான். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிற மூலையில் நின்றுகொண்டு, உருளைக்கிழங்கிலிருந்து தொட்டி வரை எல்லாவற்றையும். என் ஓரகத்தி பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போய் அவகிட்டச் சொல்லிடறேன் அண்ணி" என்றான்.

"இப்ப சொல்லாதே. அவ தாங்கமாட்டா" என்றேன்.

நான் சொன்ன அந்த "இப்ப" எட்டு வருஷம் நீண்டுவிட்டது.

நானும் அவனும் நினைக்காத ஒன்று அந்த எட்டு வருஷத்தில் நடந்தது. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னதை என் ஓரகத்தி நம்பவில்லை. தான் கலந்ததில்தான் பிசகு என்று எப்படியோ முடிவு செய்துவிட்டாள். ஏழு கரண்டி என்பது ஆறாகப் போயிருக்குமோ, கொதிக்கவைத்த தண்ணீர் சரியாக ஆறாமல் இருந்ததோ, முன்கூட்டியே எட்டையும் கலந்து வைத்ததால் சத்து போயிற்றோ என்று ஒரே எண்ணம். அந்த டப்பாவின் கரண்டியைத் தூக்கி எறியவில்லை. ஒரு தடவை நான் போனபோது மைதா மாவை அதில் அள்ளி, தலைதட்டி, ஒவ்வொன்றாகக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மாவு சலித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். ஆலையிலும் கை தடுமாறியது. காலர் முனை சரியில்லை என்று பொத்தான் கட்டுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மாய்ந்து மாய்ந்து பேசுகிறவன் வீட்டில் வாயே திறப்பதில்லை. வேலையில் தட்டு கொடுப்பதை விட்டுவிட்டுக் கீழே பாத்திரம் கழுவும் பக்கத்துக்குக் கேட்டு வாங்கிப் போய்விட்டான். ஏன் என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்றான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சொல்லிடட்டுமா அண்ணி?" என்பான். பிள்ளைக்குப் பை எடுக்கட்டும் என்றேன். பிள்ளை பரீட்சை எழுதட்டும் என்றேன். எனக்கும் பயம். சொன்னால் அந்த வீடு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

மேடம் தேறினாள். படித்து முடித்து வேறோர் ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஃபோனில் என்னிடம், "பெரியம்மா, கண்ணாடியைத் தலைமேல ஏத்தாதீங்க, காதுக் கம்பி வளைஞ்சுடும்" என்று கட்டளை போடுவாள்.

இருபத்துமூன்று வயதில் நோய் திரும்ப வந்தது. வெட்டி ஒட்டிய இடத்திலேயே புண். அந்த ஊர் டாக்டர் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரவப் பத்தியம் முன்பே செய்து பலனில்லை என்று எழுதியிருக்கிறதே என்றாராம். அவள், இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தனி அறையில், காலையில் தானே கலந்து, பாட்டிலைக் கடைக்கு எடுத்துப் போய், எட்டு வாரம் ஒரு வாய் சாப்பிடாமல் இருந்தாள். மாதிரிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்கள் பிஸ்கட் நீட்டினால் சிரித்துக்கொண்டே மறுத்தாளாம்.

அவள் ஃபோன் செய்த அன்று நான் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. என் ஓரகத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஒரு விஷயம். நான் அந்தப் பால் பத்தியம் மறுபடி இருந்தேன். எட்டு வாரம். நேத்து உள்ள பார்த்தாங்க. புண் ஆறிடுச்சும்மா. இனிமே மாத்திரையிலயே பார்த்துக்கலாங்கறாங்க."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. என் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப உன் உடம்புக்கு ஒத்துக்கிச்சு" என்றாள் அவள், மெதுவாக. "அப்பவே ஒத்துக்கிட்டிருக்கும். நான்தான் சரியா கலக்கலை. உன் வயித்தை நான்தான் வெட்டவெச்சேன்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, அப்படி இல்லை" என்றாள் மகள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் வைத்துவிட்டாள்.

அன்று முதல் என் ஓரகத்தி சாப்பிடவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வாயில் வைத்தால் உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் மேடம் அப்பனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். "அண்ணி, நீங்களும் வாங்க. நான் பாதியில நின்னுட்டா நீங்க முடிச்சு வைங்க."

நான் முடித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். ஊமைப் படத்திலிருந்து ஆரம்பித்தான். ஒன்றையும் மறைக்கவில்லை, தன்மேல் பரிதாபம் வருகிற மாதிரியும் சொல்லவில்லை. மசித்த கிழங்கு, ரொட்டி, முட்டை என்று தட்டில் இருந்ததைச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னான்.

"தினமுமா?" என்றாள்.

"தினமும். நீ வீட்ல இருக்கற ஞாயித்துக்கிழமை தவிர."

"பாட்டிலை என்ன பண்ணீங்க?"

"தொட்டியில கொட்டினேன்."

"எத்தனை?"

"மூணு. சில நாள் நாலு."

அவள் மடியில் இருந்த கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் கலந்தது சரியாத்தான் இருந்துச்சு."

"சரியாத்தான் இருந்துச்சு" என்றான் அவன். "புள்ளை மேல தப்பில்லை. நான்தான் ஆசை காட்டினேன்."

"புள்ளை மேல தப்புன்னு யார் சொன்னா?" அவள் குரல் உயரவில்லை. "சோறு கொடுத்தீங்க. சரி. எனக்கும் அவ கையைப் பார்த்தா அப்படித்தான் இருந்துச்சு. நான் மாவை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? இதே கட்டில்லதானே படுத்திருந்தீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து, தனக்கு மட்டும் ஒரு முட்டையை வேகவைத்து, நின்றுகொண்டே முழுசாகத் தின்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் சாப்பிட்டது அதுதான்.

இரண்டு வாரத்தில் என் ஓரகத்தி மகள் இருக்கிற ஊருக்கே போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. துணிமணியை மடித்து வைத்துக்கொண்டு, ஆலையில் கணக்கை முடித்துக்கொண்டு, மத்தியான வண்டியில் ஏறினாள். பெட்டியை அவன்தான் தூக்கி வைத்தான். உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அதற்கப்புறம் ஒருநாள் அவன் பத்தியக்கார அம்மாவின் வீட்டைத் தேடிப் போனான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல நாள் ஆகியிருந்தது. நடந்ததைச் சொல்லி, அன்றைக்கு நான் கொடுக்காமல் இருந்திருந்தால் வெட்டாமல் தப்பித்திருப்பாளா என்று கேட்டானாம். அவர் திட்டவில்லை. "தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம். ஒண்ணு மட்டும், எதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாராம். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னான்.

மேடம் அவனோடு பேசுகிறாள். வாரம் ஒருமுறை, கடை மூடுகிற நேரத்தில். உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்கிறது என்று தானே பார்த்து வைத்திருக்கிறாள். தான் வாயைத் திறந்ததும் தன் தப்புதான், அப்பாவை மட்டும் சொல்லாதீங்க என்று அம்மாவிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவள் கேட்டுக்கொள்வாளாம். பேச்சை மாற்றிவிடுவாளாம். என்னோடும் என் ஓரகத்தி பேசுவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் என்னை அக்கா என்று கூப்பிட்டவள். என் வீட்டுக்காரர் போனபோது வந்தாள், ஓரமாக உட்கார்ந்திருந்தாள், கிளம்பும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவனுக்கு இப்போது அறுபத்தொன்று. போன வருஷம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், அதே முதல் மாடி வீட்டில், தனியாக இருக்கிறான்.